இலண்டனில் ஒரு தம்பி



தம்பிமுத்து என்றதும் மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு நமது அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வேறொரு தம்பிமுத்துவைப் பற்றி. இவரை ஆங்கிலக் கவிஞர்கள் எல்லாரும் 'தம்பி' என்றே அழைத்தார்கள். வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் அப்படித்தான். அச்சொல்லின் பொருளை அறிந்தோர் அவர்களுள் எத்தனை பேரோ!

எம். ஜே. துரைராசா தம்பிமுத்து 1915 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். கொழும்பில் கல்வி கற்ற காலத்திலேயே ஆங்கிலத்தில் கவிதை எழுதி அச்சிட்டார். 1938 இல் கப்பலேறி இலண்டன் சேர்ந்தார். கையில் பணமில்லை, பட்டமுமில்லை. தாம் யாழ்ப்பாண அரச பரம்பரையினர் என்று அங்கே சொல்லிக்கொண்டார். துரைராசா என்ற பெயர் நம் ஊர்களில் எவ்வளவு சாதாரணமானது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

1939 பெப்ரவரியில் 'பொயற்றி லண்டன்' என்ற கவிதைச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் யுத்தம் வந்தது. கடதாசிக்குக் கடும் தட்டுப்பாடு. இலண்டன்மீது குண்டுகள் விழுந்தன. எனினும் சஞ்சிகை இடையிடையே நின்று நின்று வெளிவந்தது. டி. எஸ். எலியட் போன்ற பெரியவரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. பெயர் பெற்றவர்களோடு, யாரும் அறியாத இளைஞர்களையும் அதே பக்கங்களில் அவர் சேர்த்தார். பிறகு நூல்களையும் வெளியிட்டார். கத்லீன் ரெயின் என்ற பெண் கவிஞரின் முதல் நூல் 1943 இல் அவரிடமிருந்தே வந்தது.

கீத் டக்ளஸ் என்ற இளம் போர்வீரனின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எல் அலமைன் பாலைவனத்தில் டாங்கிப் படையில் போரிட்ட அவர், தம் கவிதைகளைத் தம்பிமுத்துவிடம் ஒப்படைத்தார். இவரும் நூலாக்குவதாக ஏற்றுக்கொண்டார். 1944 ஜூன் 9 ஆந் திகதி டக்ளஸ் நோர்மண்டியில் கொல்லப்பட்டார். வயது இருபத்துநான்கு. அவருடைய போர் அனுபவ நூல் 1946 இல் வந்தது. கவிதைத் தொகுதியோ 1951 வரை வரவில்லை. அதற்குள் தம்பிமுத்து பதிப்பகத்தை விட்டு இலங்கைக்கே திரும்பிவிட்டார். வேறு இருவர் தொகுத்து முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரின் சிறந்த ஆங்கிலக் கவிஞர்களுள் ஒருவராக டக்ளஸ் இன்று மதிக்கப்படுகிறார். அந்தக் கைப்பிரதிகளின் அருமையைத் தம்பிமுத்து தொடக்கத்திலேயே கண்டுகொண்டார் என்பது அவருக்குப் பெருமை. ஒரு தாய் தன் மகனின் நூலுக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தாள் என்பதையும் நாம் மறைக்கலாகாது. கைப்பிரதிகளைத் தொலைப்பதிலும் மதுக்கடைகளில் பொழுதைப் போக்குவதிலும் தம்பிமுத்து பேர்போனவர். அவருடைய நண்பர்களே இதை மறுத்ததில்லை.

அவருடைய சொந்தக் கவிதைகள்? எலியட்டின் அறுபதாவது பிறந்த நாளுக்காக 1948 இல் 'நடராஜா' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். எலியட்டின் சாயல் அவரை இறுதிவரை விடவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது. ஆடும் பெருமானைப் பற்றி அச்சுவேலிக்காரர் ஒருவர் எழுதும்போது இன்னும் அதிகமாக எதிர்பார்க்கத்தான் தோன்றும்.

1952 இல் நியூயோர்க் சென்றார். அங்கும் ஒரு சஞ்சிகை, நான்கு இதழ்களோடு நின்றது. 1968 இல் மீண்டும் இலண்டன். 1979 இல், அறுபத்துநான்கு வயதில், மறுபடியும் ஒரு கவிதைச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1983 ஜூனில் இலண்டனிலேயே காலமானார். அடுத்த மாதம் நம் நாட்டில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். நண்பர்கள் அவரைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரைகள் 1989 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.