எலோ என்பது ஒரு மனிதரின் பெயர்

சதுரங்கச் செய்திகளை வாசிக்கும்போது எலோ புள்ளி என்ற சொல் நம் கண்ணில் படாமல் இருக்காது. நம் விஸ்வநாதன் ஆனந்த் 2006-ல் 2800-ஐத் தாண்டியபோதும் அந்தப் புள்ளியைத்தான் கொண்டாடினோம். ஏதோ நீண்ட பெயரின் சுருக்கம் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். உண்மையில் அது ஓர் இயற்பியல் பேராசிரியரின் பெயர்.

அர்பாத் எலோ 1903-ல் ஹங்கேரியில் பிறந்தார். பத்து வயதில், முதல் உலகப்போர் மூளுவதற்கு ஓராண்டு முன்பு, பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1926 முதல் மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தார். விஸ்கான்சின் மாநில சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றார். 1957-ல் மில்வாக்கியில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனிடம் தோற்றார். அந்தச் சிறுவன் பாபி ஃபிஷர்!

அப்போது அமெரிக்காவில் வழக்கிலிருந்த தரவரிசை முறையில் பெரிய ஓட்டை இருந்தது. பலமான போட்டி ஒன்றில் சேர்ந்து எல்லா ஆட்டங்களிலும் தோற்றவருக்கும் புள்ளி கூட வாய்ப்புண்டு. இதைச் சீர்செய்யும் பொறுப்பு எலோவிடம் வந்தது. ஆய்வகத்தில் ஒரே பொருளைப் பலமுறை அளந்தால் அளவு சற்றே முன்னும் பின்னும் வருவது இயற்பியலாளருக்குப் பழக்கம். ஆட்டக்காரரையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒருவர் ஒருநாள் நன்றாக ஆடுவார், மறுநாள் சறுக்குவார். அவருடைய உண்மையான திறமை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், வலியவர் நான்கில் சுமார் மூன்று பங்கு வெற்றியைப் பெற வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். எளியவர் வலியவரை வீழ்த்தினால் பரிசு பெரிது. எந்த ஊர்க்காரர், எந்தக் கிளப், யாருடைய சிபாரிசு என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. நமக்கு இதுதான் அந்த முறையின் பெரிய அழகாகத் தெரிகிறது.

அமெரிக்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் இதை ஏற்றன. அதன்பின் பல ஆண்டுகள் ஃபிடேயின் பட்டியலுக்கான கணக்குகளை, கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவரே போட்டார்.

ஆனால் ஒரு வருத்தமும் அவருக்கு இருந்தது. இளம் வீரர்கள் ஆட்டத்தை மறந்து புள்ளியையே எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டு, தான் உருவாக்கியது தன் கையை மீறிப் போய்விட்டதோ என்று முதுமையில் கவலைப்பட்டார். புள்ளி குறைந்துவிடுமே என்று போட்டிக்கே வராமல் ஒதுங்குபவர்களை இன்றும் பார்க்கிறோமே!

1992 நவம்பரில், 89 வயதில், விஸ்கான்சினிலேயே அவர் காலமானார். 2018 முதல் ஃபிஃபா தன் ஆண்கள் கால்பந்துத் தரவரிசையையும் அவருடைய கணக்கின் வழியில்தான் போடுகிறது.