நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை

போன வாரம் நூலகத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் பழைய புதுச்சேரியின் படம் ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்த படம். கம்பெனிக் கிடங்கு, கவர்னர் மாளிகை எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு. மனுஷங்க மட்டும் எறும்பு மாதிரி குட்டி குட்டியா இருக்காங்க. இவங்கள்ல நம்ம ஆளுங்க யாரு, அவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு டீச்சரிடம் கேட்டேன். அதுக்குப் பதில் ஒருத்தர் எழுதி வச்சிருக்கார் என்று சொல்லி, ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

அவர் 1709 மார்ச் 30 அன்று சென்னை பெரம்பூரில் பிறந்தார். அப்பா பெயர் திருவேங்கடம் பிள்ளை. மாமா நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்காரர் பேசுவதை நம்மவருக்கும், நம்மவர் பேசுவதை வெள்ளைக்காரருக்கும் சொல்லுவார். வியாபாரமும் அவர் கையில்தான் இருக்கும். மாமா கூப்பிட்டதால் இவர்கள் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

1716இல் அந்த மாமாவைக் கவர்னர் எபேர் சிறையில் போட்டார். கசையடியும் கொடுத்தார்கள். 1717இல் சிறையிலேயே அவர் இறந்து போனார். அவர் மகன் குருவப்ப பிள்ளை சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறி பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். மாமா மேல் இருந்த பழி நீங்கியது. ஆனால் போன உயிர் வருமா? அப்போது ஆனந்தரங்கருக்கு எட்டு வயசுதான். நம்ம ஊர் மூணாம் வகுப்புப் பையன் மாதிரி நினைச்சுப் பாருங்க.

அவர் வளர்ந்து அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் துணி வியாபாரத்தைப் பார்த்துக் கொண்டார். ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். 1742இல் துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தார். 1747இல் ஆனந்தரங்கர் தலைமைத் துபாஷி ஆனார். மாமா உட்கார்ந்த அதே பதவி!

இதற்கு முன்பே, 1736 செப்டம்பர் 6 முதல், அவர் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்திருந்தார். சுமார் 25 வருஷம் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை, யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கும் யாருக்கும் சண்டை, ஊரில் என்ன வதந்தி, கவர்னர் முகம் இன்னிக்கு எப்படி இருந்தது என்று ஒன்றையும் விடவில்லை. பேச்சு வழக்குத் தமிழ்லதான் எழுதினார்.

1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டார்கள். அந்தச் சமயத்தில் அங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து முறையிட்டார்கள். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தும் ஆனந்தரங்கரால் தடுக்க முடியவில்லை. கோயில் பிறகு வேறு இடத்தில்தான் கட்டப்பட்டது.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அண்ணாமலையார் கோயில் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். வேலையை விட்டுட்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்புறம் அவர் மாமா கதை ஞாபகம் வந்தது. எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று எட்டு வயசிலேயே பார்த்தவர் அவர். அது சரி என்று நான் சொல்லவில்லை. அவர் பணமும் சம்பாதித்தார், பெருமையும் பேசினார். ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

1750இல் நமக்குப் பக்கத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஆனால் 1754இல் துய்ப்ளேக்ஸை ஊருக்குத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள். 1756இல் ஆனந்தரங்கரின் பதவியும் போனது. உடம்பும் கெட்டது. ஆனாலும் நாட்குறிப்பை விடவில்லை. 1761 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையையும் மாளிகைகளையும் அவர்கள் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அதாவது, நான் பார்த்த படத்தில் இருந்த மாதிரிப் பெரிய கட்டடங்கள் எல்லாம் போச்சு. எழுத்து மட்டும் நின்றது.

1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. தமிழிலும் பிறகு அச்சானது. அவர் வாழ்ந்த வீடு புதுச்சேரியில் இன்றும் இருக்கிறது. கீழ்த்தளம் நம்ம ஊர் மாதிரி மரத்தூண், மேல்தளம் ஐரோப்பிய முறை.

நண்பர்களே, படம் வரைந்தவர் நம்மவர்களை எறும்பு மாதிரி வரைந்தார். நம்மவர் ஒருவர் பேனா பிடித்ததால் அந்த எறும்புகளுக்குப் பேரும் ஊரும் கிடைத்தது. நான் இந்த வாரத்திலிருந்து ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் நம்ம அடி அண்ணாமலையில் அன்னிக்குப் பேஞ்ச மழையைத்தான் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள்.



— 9ஆம் வகுப்பு மாணவி