தோற்ற நாட்டின் தூதுவர்

வென்ற நாட்டின் தூதுவனாக அவையேறுவது எளிது. அவன் வாய் திறக்குமுன்பே அவனுடைய படைகள் பேசி முடித்துவிடுகின்றன. தோற்ற நாட்டின் சார்பில், வென்றோர் கூடியிருக்கும் அவைக்குச் சென்று, அங்கே தன் நாட்டுக்கு ஓர் இருக்கை தேடிக்கொள்வதே அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர்களுள் பிரான்சு தேசத்துத் தாலெரான் முதன்மையானவர் என்பது என் கருத்து. அவரை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கைநீட்டிப் பணம் வாங்கியவர். தாம் சத்தியம் செய்து ஏற்றுக்கொண்ட அரசுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டவர். ஐரோப்பிய வரலாற்றைக் கற்பிக்குந் தோறும் மாணவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. இவர் தேசத்துரோகியா, தேசபக்தரா என்பதே அது. அவருடைய வாழ்வை முறையாக நோக்கினாலன்றி அதற்கு விடை தோன்றாது.

தாலெரான் 1754 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆந் திகதி பாரிசு நகரில் உயர்குடியொன்றிற் பிறந்தார். காலில் ஊனம் இருந்தமையால் அக்குடியினருக்கு உரிய படைத்தொழில் அவருக்கு வாய்க்கவில்லை. விருப்பமின்றியே 1779 இற் குருப்பட்டம் பெற்றார். 1788 இல் ஓத்தன் நகரத்து மேற்றிராணியாராக நியமனம் பெற்றார். மறு ஆண்டில் புரட்சி வெடித்தது. திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாக வேண்டும் என்னும் பிரேரணையைத் தேசிய சபையிற் கொண்டுவந்தவர் இந்த மேற்றிராணியாரேயாவர். புரட்சி கொடுமையாக மாறுமுன் 1792 இல் இங்கிலாந்து சென்றார்; அங்கிருந்து வெளியேற்றப்பட்டு 1794 இல் அமெரிக்காவை அடைந்தார்; 1796 இல் தாயகம் மீண்டார். அடுத்த ஆண்டிலேயே வெளிவிவகார மந்திரியானார். அப்பதவியில் அமர்ந்த சில மாதங்களுள், பேச்சுவார்த்தைக்கு வந்த அமெரிக்கத் தூதுவரிடம் இடைத்தரகர் மூலம் கையூட்டுக் கேட்ட செய்தி வெளிப்பட்டு உலகெங்கும் இழிபெயர் ஈட்டித் தந்தது.

1799 இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றுவதற்குத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். அவர் மந்திரியாக இருந்த காலத்திலேதான் 1802 மார்ச் மாதத்தில் அமியென்ஸ் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இலங்கையர் நின்று நோக்க வேண்டிய இடம் இது. பிரித்தானியர் தாம் கைப்பற்றிய நாடுகளிற் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்தனர். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டனர். ஒன்று ஸ்பானியருடைய திரினிடாட் தீவு. மற்றொன்று இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட பகுதி. ஸ்பானியரும் ஒல்லாந்தரும் அப்போது பிரான்சின் நண்பர்கள். நண்பரின் பொருளைக் கொடுத்துப் பிரான்சு தன் பொருளை மீட்டுக்கொண்டது. கண்டியில் அரசு வீற்றிருந்த மன்னனையோ, கரையோரத்தில் வாழ்ந்த மக்களையோ கேட்டவர் எவருமிலர். வல்லரசுகளின் கணக்கேட்டில் நம் தீவு ஒரு வரியாக இடம் மாறியது.

எனினும் தாலெரானிடம் அக்காலத்தவர் பலரிடம் இல்லாத ஓர் அறிவு இருந்தது. வெற்றிக்கு எல்லை உண்டு என்பதே அவ்வறிவு. 1805 ஒக்டோபரில் உல்ம் என்னும் இடத்தில் ஒஸ்திரியப் படை நெப்போலியனிடம் சரணடைந்தபோது, ஒஸ்திரியாவைத் தாழ்த்தாது நண்பனாக்கிக்கொள்ளுமாறு அவர் மன்னனுக்கு எழுதினார். ருஷியா மேற்கு நோக்கிப் பரவாமல் தடுக்கும் அணையாக ஒஸ்திரியா நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. நெப்போலியன் செவிசாய்க்கவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் அந்நாட்டின்மீது கடுமையான உடன்படிக்கையைச் சுமத்தினான். அடுத்து பிரஷியா வீழ்ந்தது; 1807 இல் தில்சித் நகரிலே ருஷியாவும் இணங்கியது. உலகம் பிரான்சின் காலடியிற் கிடப்பதாகத் தோன்றிய அவ்வாண்டிலேயே தாலெரான் மந்திரிப் பதவியை விட்டு விலகினார். தாழ்த்தப்பட்ட பகைவர் ஒருநாள் ஒன்றுசேர்வர் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இதன்பின் அவர் செய்த செயலே துரோகி என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. 1808 இல் எர்பூர்ட் நகரில் நெப்போலியனும் ருஷியச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரும் சந்தித்தனர். நெப்போலியனின் ஆலோசகராக அங்கு சென்ற தாலெரான், இரவிலே அலெக்சாந்தரைத் தனியே கண்டு, தம் மன்னனின் விருப்பத்துக்கு இணங்காதிருக்குமாறு தூண்டினார். பின்னர் ஒஸ்திரியாவிடமிருந்து பணமும் பெற்றார். ஐரோப்பாவைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்தார் என்று சொல்வோர் உளர். கொள்கைக்காகச் செய்தவர் அதற்குக் கூலி ஏன் பெற்றார் என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. நான் இதனை மன்னிக்கும் வழி காணேன்.

1814 மார்ச் 31 ஆந் திகதி நேசநாட்டுப் படைகள் பாரிசிற் புகுந்தன. அலெக்சாந்தர் தாலெரானுடைய இல்லத்திலேயே தங்கினார். சில நாட்களுள் தாலெரான் தற்காலிக அரசின் தலைவரானார். செனற் சபை நெப்போலியனைப் பதவி நீக்கியது. பழைய பூர்பன் அரசகுலம் மீண்டும் அரியணை ஏறியது. மே 30 ஆந் திகதி உடன்படிக்கையின்படி பிரான்சு 1792 ஆம் ஆண்டின் எல்லைகளோடு தப்பியது, தண்டப்பணமும் விதிக்கப்படவில்லை. இருபது ஆண்டுகள் ஐரோப்பாவைப் போர்க்களமாக்கிய தேசத்துக்கு இது சிறு தண்டனையே.

அவ்வாண்டு செப்டெம்பரில் தாலெரான் வியன்னா மாநாட்டுக்குச் சென்றார். பிரித்தானியா, ருஷியா, ஒஸ்திரியா, பிரஷியா ஆகிய நான்கும் எல்லாவற்றையும் தமக்குள்ளே முடிவுசெய்யக் கருதியிருந்தன. முதற் கூட்டத்திலேயே, நேசநாடுகள் என்னும் சொல் பத்திரத்தில் எதற்கு என்று அவர் வினவினார். போர் முடிந்து சமாதானம் ஏற்பட்டபின் யாருக்கு எதிராக இந்த நேசம் என்னும் அவ்வினாவுக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. மரபுரிமை பெற்ற அரசுகளைப் படைவலியால் அழித்தல் தகாது என்னும் கோட்பாட்டை முன்வைத்து, சிறிய நாடுகளின் குரலாகத் தம்மை ஆக்கிக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்த பிளவு விரைவிலே தோன்றியது. ருஷியா போலந்தை விரும்பியது. பிரஷியா சக்சனி முழுவதையும் விரும்பியது. பிரஷியா பெருகுவதை ஒஸ்திரியா அஞ்சியது; ருஷியா பெருகுவதைப் பிரித்தானியா அஞ்சியது. 1815 ஜனவரி 3 ஆந் திகதி பிரித்தானியாவும் ஒஸ்திரியாவும் பிரான்சும் இரகசிய உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. தாக்கப்பட்டால் ஒவ்வொரு நாடும் 150,000 வீரரை அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாரிசு வீழ்ந்து ஒன்பது மாதங்கள் கழிந்திருந்தன. வென்றவர் இருவர் தோற்றவனைத் துணைக்கு அழைத்துவிட்டனர். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த மூன்று அதிகாரங்களுக்கும் இதனினும் பொருத்தமான உதாரணம் ஐரோப்பிய வரலாற்றில் நான் கண்டதில்லை.

ஆனால் அவர் வென்றதன் விலையையும் நாம் எண்ண வேண்டும். சக்சனி தப்பிப் பிழைத்தது. எனினும் அதன் நிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு பிரஷியாவுக்குப் போயிற்று. குறையை ஈடுசெய்ய ரைன் நதிக்கரை நாடுகளையும் பிரஷியா பெற்றது. தொலைவில் இருந்த பகைவன் அயல்வீட்டானாக மாறினான். 1870 இல் அந்தப் பிரஷியாவே படையெடுத்துப் பிரான்சை முறியடித்தது. நெப்போலியன் திரும்பி வந்ததால் நேர்ந்த இழப்போ உடனடியானது. அவன் 1815 மார்ச் 1 ஆந் திகதி பிரான்சின் கரையில் இறங்கினான். வாட்டர்லூவின் பின் பிரான்சின் எல்லை மேலும் சுருங்கியது. எழுபது கோடி பிராங்கு தண்டமும் விழுந்தது. அவன் கரையிறங்கிய மறுநாள், மார்ச் 2 ஆந் திகதி, கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு உரியதாக்கிய ஒப்பந்தம் கண்டியிற் கைச்சாத்தாயிற்று. சக்சனிக்காக வாதாட வியன்னாவில் ஒருவர் இருந்தார். கண்டிக்காக எந்த அவையிலும் எவரும் இருக்கவில்லை.

முதுமையில் தாலெரான் 1830 முதல் 1834 வரை இலண்டனில் பிரான்சின் தூதுவராக இருந்தார். புதிதாகப் பிறந்த பெல்ஜியத்தை எந்த வல்லரசும் விழுங்காதபடி, நடுநிலை நாடாக ஏற்கச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பிரான்சு அதன் ஒரு பகுதியையேனும் பெறவேண்டும் என்று முயன்றுபார்த்தவரும் அவரே. கிடையாது என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். 1838 மே 17 ஆந் திகதி, திருச்சபையோடு சமாதானப் பத்திரத்திற் கைச்சாத்திட்டு, தமது எண்பத்துநான்காம் வயதில் உயிர்நீத்தார்.

மாணவரின் கேள்விக்கு நான் கூறும் விடை இதுவே. தாலெரான் தம் எசமானர்களுக்குத் துரோகி. தம் நாட்டுக்குப் பயன்பட்ட ஊழியர். தம் பணப்பெட்டியை ஒருநாளும் மறவாதவர். மூன்றும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழிக்காது. அவருடைய ஒழுக்கத்தை நாம் கற்க வேண்டியதில்லை; அவருடைய கண்ணை நாம் கடன் வாங்கலாம். வல்லரசுகளின் நட்பு நிலையானதன்று. அவற்றின் பகையும் நிலையானதன்று. இரண்டுக்கும் இடையே தோன்றும் சிறு வெளியில்தான் சிறிய நாடுகள் மூச்சுவிடுகின்றன. அவ்வெளி திறக்கும் வேளையை அறிந்து, அவையில் தன் சார்பிற் பேச ஒருவனை வைத்திருக்கும் நாடு பிழைக்கும். அத்தகைய ஒருவன் இல்லாத நாட்டின் தலைவிதியைப் பிறர் எழுதுவர்.