சுருள்வில்லின் விதி கண்ட இராபர்ட் ஹூக்

 

பரிசளிப்பு விழா மலர் என்றால் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். இம்முறை யாரைப் பற்றி எழுதலாம் என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோது, அதற்கு விடை சொன்னது என்னுடைய பழைய கார்தான். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் போய்வந்ததில், காரின் பின்பக்கச் சுருள்வில் ஒன்று உடைந்துபோனது. ஸ்பிரிங் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். டவுனில் ஒரு பட்டறையில் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால், ஒரு வாரத்திற்குள் கார் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் நின்றது. குழியில் இறங்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று ஒரே சத்தம். எங்கள் தோட்டத்துப் பட்டறைப் பெரியவர் கழற்றிப் பார்த்தார். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. அது உட்கார்ந்த இடத்தில்தான் குறை. கம்பியின் முனை, தட்டில் அதற்கென்று உள்ள பள்ளத்தில் படியாமல் மேட்டில் ஏறி நின்றது. அடியில் இருக்க வேண்டிய ரப்பர் மெத்தையும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பெரியவர் மெத்தையை மாற்றி, ஸ்பிரிங்கைத் திருப்பிப் பள்ளத்தில் உட்கார வைத்தார். அவ்வளவுதான், சத்தம் நின்றது, சாய்வும் போனது. எவ்வளவு நல்ல ஸ்பிரிங்காக இருந்தாலும் சமமாகத் தாங்கினால்தான் வேலை செய்யும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அமுக்கி எழுதும் பேனாவுக்குள் சின்ன ஸ்பிரிங் ஒன்று இருக்குமல்லவா? அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். இரு முனைகளும் சமமாகப் பதிந்தால் நேராகச் சுருங்கும். ஒரு முனையை ஓரத்தில் மட்டும் அழுத்தினால் நடுவில் பிதுங்கி வளைந்து, பட்டென்று துள்ளி ஓடிவிடும். கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள்!

இந்தச் சுருள்வில்லுக்கு ஒரு விதி உண்டு. அந்த விதியைக் கண்டு சொன்னவர்தான் இராபர்ட் ஹூக். அவருடைய கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் வைட் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஃபிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் 1635-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் ஹூக் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தில் குருவாகப் பணியாற்றியவர். பிள்ளையோ நோஞ்சான். பிழைப்பானா என்று பெற்றவர்களே அஞ்சினார்கள். பாடம் படிக்க உட்கார்ந்தால் தலைவலி வந்துவிடும். ஆகவே தந்தையார் வற்புறுத்தாமல், பையனை அவன் போக்கில் விட்டுவிட்டார். அந்தப் பையன் சும்மா இருந்தானா? இல்லை. பழைய பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தான். அதைப் போலவே மரத்தில் ஒரு கடிகாரம் செய்தான். அது ஓடவும் செய்ததாம்! 

1648-இல் தந்தையார் இறந்துபோனார். ஹூக்குக்கு அப்போது வயது 13. தந்தை விட்டுச் சென்ற சிறு தொகையோடு லண்டன் வந்து, பீட்டர் லெலி என்னும் ஓவியரிடம் சேர்ந்தார். வண்ணத்தின் வாடை தலைவலியைக் கிளப்பியதால் அங்கே நிலைக்கவில்லை. இந்த நேரத்தில்தான் ஒரு நல்லாசிரியர் கைகொடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் தலைமையாசிரியர் ரிச்சர்டு பஸ்பி, ஹூக்கைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். பிரம்படிக்குப் பேர்போனவர் பஸ்பி. ஆனால் தந்தையில்லாத இந்தப் பையனை அவன் விருப்பப்படி கடைசல் இயந்திரத்தில் வேலை செய்ய விட்டார். கணித மேதை யூக்ளிடின் முதல் ஆறு நூல்களை ஒரே வாரத்தில் ஹூக் கற்று முடித்ததாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 16 வயதிலிருந்து அவருடைய முதுகு கூனத் தொடங்கியது. இயந்திரத்தின் மேல் குனிந்தே நின்றதால் வந்த கூன் என்று அவரே கூறிவந்தார்.

பிறகு ஆக்ஸ்போர்டு சென்றார். அங்கே செல்வந்தரும் அறிவியலாளருமான இராபர்ட் பாயிலுக்கு உதவியாளராக அமைந்தார். காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைப் பாயிலுக்காகச் செய்து கொடுத்தவர் ஹூக்தான். அந்தப் பம்பைக் கொண்டு நடந்த ஆய்வுகள் பாயிலின் பெயரை உலகறியச் செய்தன.

1660-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம் தோன்றியது. 1662 நவம்பரில் ஹூக் அதன் சோதனைப் பொறுப்பாளரானார். ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் மூன்று நான்கு புதிய சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். தொடக்கத்தில் சம்பளமும் கிடையாது. எண்ணிப் பாருங்கள், வாரத்திற்கு ஒரு பாடக் கருவி தயாரிக்கவே நாங்கள் திண்டாடுகிறோம்!

1665-இல் மைக்ரோகிராஃபியா என்ற நூலை வெளியிட்டார். நுண்ணோக்காடியில் கண்ட தெள்ளுப்பூச்சியை, விரித்துப் பார்க்கும் பெரிய படமாக அதில் வரைந்திருந்தார். தக்கையின் சீவலில் கண்ட சின்னச் சின்ன அறைகளுக்கு செல் என்று பெயரிட்டார். உயிரணுவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் பெயர். 1666 செப்டம்பரில் லண்டன் மாநகரம் நான்கு நாள் தீப்பற்றி எரிந்தது. வீடிழந்தோரின் மனைகளை மீண்டும் அளந்து எல்லை குறித்த அளவையாளர்களில் ஹூக்கும் ஒருவர். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 202 அடி உயரத் தீ நினைவுத் தூண் 1677-இல் எழுந்து முடிந்தது. இன்றைக்கும் அது நிற்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். அக்காலக் குதிரை வண்டிகளில் ஏறினால் எலும்பெல்லாம் ஆடிவிடும். வண்டியின் கூட்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டிருப்பார்கள். அதிர்ச்சியைத் தாங்க வேறு வழியில்லை. ராயல் சொசைட்டி இதற்கு ஒரு வழி தேடியது. 1665 ஆகஸ்டில், லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில், ஹூக்கும் ஜான் வில்கின்ஸ், வில்லியம் பெட்டி ஆகிய அறிஞர்களும் எப்சம் என்னும் ஊருக்கு அருகே ஒரு மாளிகையில் தங்கிப் புதுவகை வண்டிகளை வகுத்துக் கொண்டிருந்தார்கள். அவர்களை நேரில் கண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் அதைப் பதிந்திருக்கிறார். அடுத்த மாதமே, சாமுவேல் பீப்ஸ் என்பவர் வேறொருவருடைய ஸ்பிரிங் வண்டியில் ஏறி, வண்டித் தடங்களின் மேல் ஓட்டிப் பார்த்தார். பரவாயில்லை, ஆனால் சொந்தக்காரர் சொல்கிற அளவுக்குச் சுகமில்லை என்ற கருத்தில் எழுதி வைத்தார். ஸ்பிரிங் வைத்தால் மட்டும் போதவில்லை, பார்த்தீர்களா? எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்ற கணக்கு தெரிய வேண்டும்.

அந்தக் கணக்கை ஹூக் 1660-வாக்கிலேயே கண்டுவிட்டதாகப் பின்னாளில் கூறினார். ஆனால் வெளியே சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ஸ்பிரிங்கைக் கொண்டு கைக்கடக்கமான கடிகாரத்தைச் சீராக ஓடவைக்க அவர் ஒரு வழி கண்டிருந்தார். பாயில் முதலிய நண்பர்கள் சேர்ந்து அதற்கு உரிமை பெற ஏற்பாடு செய்தார்கள். பிறர் அதை மேம்படுத்தினால் ஆதாயம் அவர்களுக்கே போகும் என்ற நிபந்தனை ஹூக்குக்குப் பிடிக்கவில்லை. பேச்சை முறித்துக் கொண்டு வந்துவிட்டார். கண்டதைப் பூட்டி வைத்தார்.

1675-இல் இடி விழுந்தது. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தை வெளியிட்டார். ஹூக் கொதித்தெழுந்தார். தாம் முன்னமே கண்டதாக வாதாடினார். தாம்பியன் என்னும் கடிகாரக் கைவினைஞரைக் கொண்டு அரசருக்கு ஒரு கடிகாரமும் செய்வித்தார். என்றாலும், காலத்தில் சொல்லாதவன் பேச்சு அம்பலத்தில் ஏறுமா?

அதன்பின் 1676-இல் ஒரு வேலை செய்தார். ஸ்பிரிங்கின் விதியை லத்தீன் மொழியில் 14 எழுத்துகளில் அமைத்து, அவ்வெழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டு, விடுகதையாக அச்சிட்டார். யாருக்கும் புரியாது, ஆனால் தாம்தான் முதலில் கண்டவர் என்பதற்கு அத்தாட்சி இருக்கும். 1678-இல் ஸ்பிரிங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டு விடையை அவிழ்த்தார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை என்பதே அதன் பொருள்.

அந்நூலில் அவர் சொல்லும் சோதனை நம் பள்ளியிலும் செய்யக்கூடியது. ஒரே பருமனுள்ள கம்பியை உருளையில் சீராகச் சுற்றிச் சுருளாக்க வேண்டும். இரு முனைகளையும் கொக்கியாக வளைத்து, ஒன்றை ஆணியில் மாட்டி, மற்றதில் எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். ஒரு கல்லுக்கு 1 சென்டிமீட்டர் நீண்டால், இரண்டு கல்லுக்கு 2, மூன்று கல்லுக்கு 3. தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டால் மட்டும் கம்பி பழைய நிலைக்குத் திரும்பாது.

மோட்டார் வாகனக் காலம் வந்தபோது இந்த விதி வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. 1934-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முன் சக்கரங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுருள்வில்லின் மேல் நிறுத்திய கார்களை வெளியிட்டது. இன்றைய கார்களில் சுருள்வில் சர்வசாதாரணம். காரின் எடையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு பங்கு, அதற்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்பதையெல்லாம் ஹூக்கின் விதியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு சரிவர வேண்டுமானால், பாரம் சுருளின் நடுவழியே நேராக இறங்க வேண்டும். அதற்காகத்தான் சில ஸ்பிரிங்குகளின் முனைகளைத் தட்டையாகத் தேய்க்கிறார்கள். சிலவற்றுக்குக் கம்பி முனை படியும் பள்ளத்தைத் தட்டிலேயே அமைக்கிறார்கள். மேலும் கீழும் ரப்பர் மெத்தை வைப்பதும் உண்டு. தட்டு கோணலானால் சுருளின் ஒரு பக்கம் அதிகப் பாரம் சுமக்கும். சுருள் வளைந்து ஒன்றோடொன்று உரசும், பூச்சு உதிரும், துரு பிடிக்கும், அங்கே விரிசல் விழுந்து ஒருநாள் உடையும். இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான். பழையது தளர்ந்திருக்கும், புதியது விறைத்திருக்கும். கார் எப்படிச் சமமாக நிற்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லோரிக்கு அடியில் நீளமான தண்டு ஒன்று பின் அச்சுக்குச் சுழன்றுகொண்டு போகுமே, அதில் சிலுவை வடிவ மூட்டு இருக்கும். சக்கரம் ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கும்போது தண்டு சாய்ந்தாலும் சுழற்சி நிற்காமல் காப்பது அதுதான். அதற்கும் ஹூக் மூட்டு என்ற பெயர் உண்டு. அந்த மூட்டைப் பற்றியும் அவர் அதே 1676-ஆம் ஆண்டு நூலில் எழுதியிருந்தார்.

இப்படிப்பட்டவரின் முடிவு இனிமையாக இல்லை, நண்பர்களே. ஒளியைப் பற்றி 1672-இல் ஐசக் நியூட்டனோடு மோதல் ஏற்பட்டது. 1687-இல் வெளிவந்த நியூட்டனின் பெருநூலில், ஈர்ப்பு விசையைப் பற்றிய கருத்தில் தமக்கும் பங்குண்டு என்று ஹூக் கேட்டார். அவருக்கு அந்தக் கருத்து தோன்றியது மெய். கணக்குப் போட்டு மெய்ப்பித்தவர் நியூட்டன். பகை தீரவில்லை. அதே ஆண்டில் ஹூக்கோடு வாழ்ந்துவந்த அண்ணன் மகள் கிரேஸ் இறந்தாள். தனிமை அவரை வாட்டியது. கடைசியில் கண்பார்வையும் மங்கி, 1703 மார்ச் 3-ஆம் நாள், கிரெஷம் கல்லூரியில் தம் அறையிலேயே காலமானார். அறையிலிருந்த பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுண்டு பணம் இருந்தது. கழகத்துக்கு உதவ எண்ணியிருந்தாராம், உயில் முடிக்கவில்லை. அவரை அடக்கம் செய்தது லண்டன் செயின்ட் ஹெலன் தேவாலயத்தில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த எலும்புகளை அகற்றியபோது அவருடைய கல்லறையும் இன்னதென்று தெரியாமல் போயிற்று. அவர் முகத்தைக் காட்டும் உறுதியான ஓவியம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 2006-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் வெளிவந்து, மறந்தவர்களுக்கு அவரை மீண்டும் நினைவூட்டின.

அன்புள்ள மாணவர்களே! ஹூக்கின் உழைப்பைக் கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் கண்டதை ஒளித்து வைத்த குணத்தைக் கற்காதீர்கள். நூறு வேலை தொடங்கி, பலவற்றைப் பாதியில் விட்டதும் அவருக்கு வினையாயிற்று. நீங்கள் கண்டதை அன்றைக்கே எழுதுங்கள்; ஆசிரியரிடம் காட்டுங்கள்; தொடங்கியதை முடியுங்கள்.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு சொல். என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கணக்கில் பின்தங்கியவன், ஆனால் கெட்டுப்போன டார்ச் லைட்டைக் கொடுத்தால் எரிய வைத்துத் தருவான். இந்த ஆண்டுப் பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. கடிகாரம் செய்த அந்த நோஞ்சான் பையனுக்கு ஒரு தந்தை விட்டுக் கொடுத்தார்; பிறகு ஒரு பஸ்பி இடம் கொடுத்தார். அந்த இரண்டு தாங்கலும் இல்லாதிருந்தால் ஹூக் என்ற பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பிள்ளையும் ஒரு ஸ்பிரிங்தான். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒன்று வீடு, மற்றது பள்ளி. இரண்டும் கோணாமல் இருந்தால் எந்தப் பாரத்தையும் அவன் தாங்குவான். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு, பிள்ளை சரியில்லை என்று சொல்வது முறையாகுமா?

பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. வாங்காத செல்வங்களுக்கும் அதே வாழ்த்து. அடுத்த ஆண்டு இந்த மலரில் உங்கள் சோதனைகளைப் பற்றி நீங்களே எழுத வேண்டும் என்பது என் ஆசை.