கைவிளக்கும் கணக்கேடும்
(பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை)

ஐப்பசி பிறந்தும் மழை வராவிட்டால் நம் தேவதானத்துப் பெரியவர்களின் கண்கள் மேற்கு மலையையே நோக்கி நிற்கும். மலையில் மழை பெய்து சாஸ்தா கோயில் ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் வயலில் நெல் விளையும். வானம் பொய்த்த ஆண்டுகள் பல உண்டு. அவற்றுள் பாட்டிமார் கதைகளில் இன்றும் பேசப்படுவது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அது வாட்டி எடுத்தது.

அந்தப் பஞ்சத்துக்கும், நம் பாடப் புத்தகங்களில் கைவிளக்கேந்திய காரிகையாகக் காட்சி தரும் ஆங்கிலப் பெண்மணி ஒருவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். இரவில் விளக்குடன் நோயாளிகளிடையே நடந்த அந்த அம்மையாரை அனைவரும் அறிவோம். கணக்கேட்டைக் கையில் கொண்டு, மக்கள் மாண்ட எண்ணிக்கையை மறைக்க முயன்ற ஆட்சியாளரோடு வாதாடிய அம்மையாரை அறிந்தவர் சிலரே. அவ்விரண்டாவது வாழ்க்கையையும் சேர்த்து அறிவது நமக்கு நன்மை தரும்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். குடும்பம் செல்வச் செழிப்புடையது. அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கப்படவில்லை. ஆயினும் தந்தையாரே ஆசிரியராக அமர்ந்து இலத்தீனும் கிரேக்கமும் வரலாறும் கற்பித்தார். கணக்கின்மீது பிளாரன்சுக்குத் தணியாத ஆவல். மற்றச் சிறுமியர் பொம்மை வைத்து விளையாடும் வயதில் அவர் தம் வீட்டுத் தோட்டத்துக் காய்கனிகளைப் பட்டியலிட்டு எழுதி மகிழ்ந்தாராம்.

பதினாறு வயதில், இறைவன் தம்மை ஏதோ ஒரு பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அது நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் பணி என்பது சில ஆண்டுகளில் அவருக்குத் தெளிவாயிற்று. தாயும் தமக்கையும் இதைக் கேட்டுப் பதறினர். செவிலியர் வேலை நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு ஏற்றதன்று என்று உலகம் எண்ணிய காலம் அது. பல ஆண்டுகள் அவர் பொறுமையுடன் காத்திருந்தார். 1847 இல் உரோமை நகருக்குச் சென்றபோது அங்கே கன்னியர் மடம் ஒன்றில் சில நாட்கள் தங்கித் தியானம் செய்தார். 1851 இல் ஜெர்மனியின் கைசர்சுவர்த் நிலையத்தில் செவிலியர் பயிற்சி பெற்றார். 1853 இல் லண்டனில் சிறிய மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பேற்றார்.

மறு ஆண்டு கிரிமியப் போரில் இங்கிலாந்து இறங்கியது. காயமுற்ற ஆங்கிலேய வீரர்கள் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரியில் கவனிப்பாரின்றிக் கிடப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 1854 அக்டோபரில் 38 பெண்களுடன் அம்மையார் அங்கே புறப்பட்டார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மண்ட்சி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அங்கே அம்மையாருக்கு வலக்கையாக விளங்கினார். அவர்களுடைய நட்பு அன்னையார் இறக்கும்வரை நீடித்தது.

மருத்துவமனையில் கண்ட காட்சி கொடுமையானது. தரையெங்கும் நோயாளிகள், கட்டிடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடை, மாற்றுடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. அம்மையார் அல்லும் பகலும் உழைத்தார். அவ்வளவு உழைத்தும் வீரர்கள் இறந்துகொண்டேயிருந்தனர். 1855 பிப்ரவரியில் மருத்துவமனையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் வீதம் மாண்டனர். மார்ச்சு மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடையைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூன் மாதத்துக்குள் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

1856 இல் நாடு திரும்பியபோது இங்கிலாந்து முழுவதும் அவரைத் தெய்வப் பிறவியாகப் போற்றியது. அவரோ விழாக்களை விட்டு விலகி, வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து, போரில் இறந்தவர்களின் கணக்கை ஆராயத் தொடங்கினார். பட்டினியும் குளிருமே இறப்புக்கு முக்கியக் காரணங்கள் என்று பலரையும் போல அவரும் முதலில் கருதியிருந்தார். கணக்கு வேறொன்றைக் காட்டியது. காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர். அசுத்தம் நிறைந்த ஸ்கூட்டாரி மருத்துவமனையிலோ, மற்ற இடங்களைவிட இறப்பு மிகுந்திருந்தது. அது அவர் பணி செய்த இடம்! எத்துணை கசப்பான உண்மை! உலகம் புகழ்ந்துகொண்டிருக்கும்போது இதை வெளியில் சொல்லாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் அம்மையார் அந்தக் கணக்கை மறைக்கவில்லை. எண்களை வண்ணப் படங்களாக வரைந்து, படிக்க நேரமில்லாத அமைச்சரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி 1858 இல் அச்சிட்டு வழங்கினார். அவ்வாண்டே லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1860 இல் தூய தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

போரில் பற்றிய நோயினால் அவர் உடல் தளர்ந்தது. ஆண்டுக்கணக்கில் படுக்கையறையே அவருக்கு அலுவலகம் ஆயிற்று. அங்கிருந்தபடியே அவர் நம் நாட்டை நோக்கித் திரும்பினார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துவந்தனர். படைமுகாம் ஒவ்வொன்றுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைப் படுக்கையில் கிடந்தவாறே ஆராய்ந்தார். 1863 இல் வெளியான அரசுக் குழுவின் அறிக்கைக்கு அவர் உழைப்பே உயிர்நாடி. குடிநீரும் வடிகாலும் சீர்செய்யப்பட்டபின், பத்தே ஆண்டுகளில் அந்த எண் 18 ஆகக் குறைந்தது. பின்னர் அவர் கவனம் படைவீரர்களிடமிருந்து நம் குடியானவர்களிடம் சென்றது. வாழ்நாளில் ஒரு முறைகூட இந்திய மண்ணை மிதிக்காத அவர், நம் ஊர்க் கால்வாய்களையும் நிலவரியையும் பற்றி இங்கு வந்த அதிகாரிகள் பலரைவிட அதிகம் அறிந்திருந்தார். கொள்ளிடத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டன் அவருக்கு நண்பரும் வழிகாட்டியும் ஆனார். பாசனம் பெருகினால் பஞ்சம் விலகும் என்று இருவரும் உறுதியாக நம்பினர். பாசனத்தால் வரும் நன்மை பற்றிய கணக்குகளைத் திரட்டித் தரும்படி அம்மையார் இந்திய அமைச்சர் சால்ஸ்பரி பிரபுவிடம் பலமுறை கேட்டார். நம்பத்தக்க கணக்கு இல்லை என்ற பதிலே கிடைத்தது. கணக்கு இல்லையென்றால் எடுக்க வேண்டியதுதானே என்பது அம்மையாரின் வாதம்.

அந்நிலையில் தாது வருஷம் பிறந்தது. 1876 இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் சரிவரப் பெய்யவில்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி அப்போது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து ஏராளமான மக்கள் பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தனர். பஞ்சம் பரவிக்கொண்டிருந்தபோதே, 1877 ஜனவரி முதல் நாள், அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு டில்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். தானிய வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர் கொள்கை. தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க அவர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது நம் அரைக் கிலோவுக்கும் குறைவு.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. மண் சுமக்கும் மனிதன் இவ்வளவு உணவைக்கொண்டு உயிர்வாழ இயலாது என்று, மெலிந்த உடல்களையும் இறப்புப் பதிவுகளையும் சான்றாகக் காட்டி எழுதினார். மேலிடம் எளிதில் ஏற்கவில்லை. சில மாத வாதத்துக்குப் பிறகே கூலி ஓரளவு உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

1878 ஆகஸ்டில் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் மாத இதழொன்றில் இந்திய மக்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். சென்னை மாகாணத்தில் மட்டும் 50, 60 லட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்று அதில் குறிப்பிட்டார். வட்டிக் கொடுமையையும் பாசனக் குறைவையும் எடுத்துக் காட்டினார். அதிகார வட்டாரம் சினந்தது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்றனர் சிலர். மழை பெய்யாதது இயற்கை. அதற்கு அரசு என்ன செய்யும் என்றனர் சிலர். கால்வாய் வெட்டினால் கருவூலம் காலியாகிவிடும் என்றனர் வேறு சிலர். சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்றனர் இன்னும் சிலர்.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? 1871 இல் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டியதற்கு மாறாக, 1881 இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. மாகாணத்தின் எண்ணிக்கையில் ஐயம் இருந்தாலும், நாட்டின் பல பகுதிகளையும் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என்றே வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். 1880 இல் பஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது; அதன்பின் பஞ்ச நிவாரணத்துக்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 1895 இல் பெரியாற்று நீர் மலையைத் துளைத்து வைகைக்குத் திருப்பப்பட்டது. அந்தப் பெரியாறு நம் ஊருக்கு அண்மையிலுள்ள சிவகிரி மலைகளிலேதான் பிறக்கிறது என்பார்கள்.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. நோய் தொற்றிப் பரவும் என்ற கருத்தையும், கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற புதிய கொள்கையையும் அவர் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார். சான்றுகள் குவிந்தபின் முதுமையில் மெல்ல ஏற்றுக்கொண்டார். அறிவாளர்க்கும் பழைய எண்ணத்தைக் கைவிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அவரே சாட்சி.

1907 இல் ஆங்கில அரசின் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்டு 13 ஆம் நாள், தமது 90 ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. அவர் விரும்பியபடி, சிற்றூர்க் கோயில் கல்லறையில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொறித்து அடக்கம் செய்தனர். அவர் பிறந்த நாளை உலகம் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறது.

இந்த வாழ்க்கை இன்று நமக்கு ஏன் தேவை? தாதுப் பஞ்சக் காலத்தில் பசிபிக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தது என்பதையும், அக்கடலின் வெப்பத்துக்கும் நம் பருவமழைக்கும் உறவு உண்டு என்பதையும் பிற்கால அறிஞர் கண்டறிந்தனர். இப்போது உலகம் முழுவதுமே சூடேறி வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் எழும் கரியமில வாயுவே முதன்மைக் காரணம். 1958 இல் ஹவாய்த் தீவின் மலைமீது அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. அளந்து பதிவு செய்த ஆண்டுகளில் 2024 ஆம் ஆண்டே மிக வெப்பமானது. ஆயினும் வல்லரசு நாடுகளின் தலைவர்கள் சிலர் இது பொய், மிகை என்று பேசுகின்றனர். 2015 இல் செய்த பாரிசு உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அமெரிக்க அரசு 2017 இலும், மீண்டும் 2025 இலும் அறிவித்தது. அவர்கள் கூறும் காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். எண் சரியில்லை; எல்லாம் இயற்கை; செலவு தாங்காது; சந்தை பார்த்துக்கொள்ளும். தாது வருஷத்தில் கேட்ட அதே நான்கு பதில்கள்! அன்று மறுத்தவர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. இன்று மறுப்பவர் எவரும் நம் கண்மாய்க் கரையில் மழைக்குக் காத்திருப்பவர் அல்லர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

அன்புச் சகோதரியரே! நம்மில் சிலர் செவிலியர் ஆகலாம். சிலர் ஆசிரியர் ஆகலாம். சிலர் வீட்டை ஆளலாம். எங்கே இருந்தாலும் அம்மையாரிடம் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்வோம். பிறர் துன்பத்தைக் கண்டால் இரங்குவது ஒன்று. இரங்கியதோடு நில்லாமல் எண்ணிப் பார்த்து, எழுதி வைத்து, அந்த எண் நமக்கே கசந்தாலும் ஏற்றுக்கொள்வது மற்றொன்று. பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்றை வைத்து, பெய்த மழையை நாள்தோறும் நோட்டில் குறித்து வரலாம். சிறிய செயல்தான், ஆனால் ஒரு நாள், மழை குறையவே இல்லை என்று யாரேனும் சொல்லவந்தால், விரித்துக் காட்ட நம்மிடம் ஒரு கணக்கேடு இருக்கும்.