ஒரு ஸ்தாயிக்குள்ள எத்தனை சுருதி? சொந்தக் காசுல கணக்குப் போட்ட தஞ்சாவூர் வைத்தியர்!

ராயபுரத்துல கீபோர்டு கிளாஸ் போறவரா நீங்க? இல்ல, எண்ணூர் பஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கானா கேட்கிறவரா? யாரா இருந்தாலும் சரி, ஒரு சின்ன டெஸ்ட். மொபைல்ல தம்புரா ஆப்பை ஓடவிட்டு, அதோட இழைஞ்சு நிக்கிற மாதிரி அந்தர காந்தாரத்தைப் பாடுங்க. அப்புறம் அதே 'க'வை கீபோர்டுல அழுத்துங்க. கீபோர்டு ஒரு துளி மேல நிக்கும்.

காரணம் சிம்பிள். ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்டா பிரிச்சா, 5:4 விகிதத்துல பிறக்கிற இயற்கையான 'க' 386-ல இருக்கும். கீபோர்டு 'க' 400-ல இருக்கும். அப்போ எது சரி? இந்தக் கேள்விக்காகவே வாழ்க்கையில பல வருஷம் செலவழிச்சவர்தான் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில 1859-ல பிறந்தவர். திண்டுக்கல்ல ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்துல வயலின் கத்துக்கிட்டார். அந்த வயலின் நம்ம சங்கீதத்துக்குள்ள வந்த கதையில வடசென்னைக்கும் பங்கு உண்டு, தெரியுமா? திருவொற்றியூருக்குப் பக்கத்து மணலியில இருந்த முதலியார் குடும்பத்தோட ஆதரவுலதான் பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் படிச்சார். வீணை மாதிரி அதுல மெட்டு கிடையாது. சுரம் எந்த இடத்துல நிக்கணும்னு உங்க விரல்தான் முடிவு பண்ணணும்.

தஞ்சாவூர்ல பண்டிதரும் அவர் மனைவியும் பள்ளிக்கூட வேலை பார்த்தாங்க. 1890-ல வேலையை விட்டுட்டு முழுநேர சித்த வைத்தியரானார். வைத்தியத்துல வந்த வருமானம் இசை ஆராய்ச்சிக்குப் போச்சு. 1912-ல சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைக் கூப்பிட்டு மாநாடுகள் நடத்தினார். செலவு அவரோடது.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? பழைய நூல்கள் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதின்னு சொல்லுது. ஆனா ஒவ்வொண்ணும் எவ்வளவு பெருசுங்கிறதுல ஆளுக்கு ஒரு கணக்கு. 'ச'வுல இருந்து 'ப'வுக்கு 3:2. அதே தாவலை 12 தடவை தாவினா, 7 ஸ்தாயி தள்ளி மறுபடி 'ச'வுக்கே வந்து சேரணும். அங்கே இருக்க வேண்டிய எண் 128. ஆனா பெருக்கிப் பாருங்க, 129.7 வரும். வட்டம் மூடாது!

மூடாத வட்டத்தைப் பண்டிதர் ஏத்துக்கல. சிலப்பதிகாரத்தையும் அதோட உரைகளையும் புரட்டினார். ஆயப்பாலை, வட்டப்பாலைன்னு அதுல வர்ற பேர்களை எண்களாக்கிப் பார்த்தார். முடிவு: பழந்தமிழர் ஸ்தாயியைச் சமமா 12 ஆகவும், நுணுக்கமா 24 ஆகவும் பிரிச்சாங்க. இன்னிக்குக் கணக்குல ஒவ்வொரு சுருதியும் 50 சென்ட்.

1916-ல பரோடாவுல அகில இந்திய இசை மாநாடு. 22 சுருதிதான் சரின்னு வாதாடினவங்களும் வந்திருந்த சபை அது. பண்டிதர் அங்கே தன் கணக்கை எடுத்து வெச்சார். கூடவே அவர் வீட்டுப் பெண்கள் இசைச்சும் காட்டினாங்க. மறுவருஷம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டின 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்துச்சு. 1919-ல காலமானார்.

அவர் ஜெயிச்சாரா? முழுசா இல்ல. சமமா பிரிச்ச அவர் அளவுல 400 இருக்கு, 386 இல்ல. நீங்க மேல பண்ணின டெஸ்ட்லயே உங்க காது அவரோட சண்டை போடும். பின்னாடி 1947-ல 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகளும் வேற வழியிலதான் கணக்குப் போட்டார். அதோட, கமகத்துல ஆடுற சுரத்தை ஒரே புள்ளியில நிறுத்தி அளக்கவும் முடியாது.

ஆனா ஒண்ணு. சுருதிங்கிறது பெரியவங்க சொன்னா நம்ப வேண்டிய ரகசியமா அவருக்குப் படல. தந்தியை மீட்டி, எண்ணைப் போட்டு, எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கிற சபையிலேயே காட்ட வேண்டிய விஷயமா பட்டுச்சு. சிலப்பதிகாரத்தை இசை இலக்கணமா படிக்கலாம்னு அடுத்த தலைமுறைக்குத் தைரியம் கொடுத்ததும் அந்தப் புத்தகம்தான். அவர் விடையை நீங்க மறுக்கலாம். மறுக்கணும்னா, நீங்களும் அளந்துதான் ஆகணும்.