விதை காத்த வாவிலோவ்

ஐப்பசி மழை தவறினால் கோவில்பட்டிக் கரிசலில் ஊரே வானத்தை அண்ணாந்து பார்க்கும். பட்டினி கிடந்த ஆண்டுகளிலும் விதைக்கம்பு இருந்த குலுக்கையை எங்கள் ஆச்சி திறக்கவிட்டதில்லை என்று என் தந்தை சொல்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான் வாவிலோவின் வரலாற்றைப் படித்தபோது, அந்தக் குலுக்கைதான் என் நினைவுக்கு வந்தது.

நிக்கோலாய் இவானோவிச் வாவிலோவ் 1887 நவம்பர் 25-ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இவான் உழவர் குடியில் பிறந்து, நகருக்கு வந்து துணி வணிகத்தில் உயர்ந்தவர். மகனோ வேளாண்மைக் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். 1913-இல் இங்கிலாந்து சென்று, மரபியலுக்குப் பெயர் சூட்டிய பேட்சனிடம் பயின்றார். 1917-இல் வால்கா நதிக்கரையிலுள்ள சராத்தோவ் நகரில் பேராசிரியரானார். அது மழை பொய்க்கும் நாடு. 1921-இல் அங்கு வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 50 இலட்சம் மக்கள் மாண்டனர்.

பஞ்சத்தை வெல்லும் வழி பயிரின் மரபணுக்களிலேயே இருக்கிறது என்று வாவிலோவ் நம்பினார். ஒரு பயிர் எங்கே தொன்றுதொட்டு, எண்ணற்ற வகைகளாக விளைகிறதோ, அங்கேதான் வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் குணங்கள் மிகுதியாகக் கிடைக்கும் என்றார். பயிர்கள் தோன்றிய மையங்களைப் பற்றிய அவருடைய நூல் 1926-இல் வெளிவந்தது. அவர் வகுத்த மையங்களுள் நம் இந்தியாவும் ஒன்று. பாரசீகம், ஆப்கானிஸ்தானம், அபிசீனியா என்று நாடு நாடாக அலைந்து விதை சேர்த்தார். 1940-க்குள் லெனின்கிராடில் அவருடைய நிலையத்தில் சுமார் 2,50,000 மாதிரிகள் சேர்ந்துவிட்டன.

உருளைக்கிழங்கின் கதை இதில் வியப்பானது. பயிரிடப்படும் உருளைக்கிழங்கு ஒரே இனம் என்றுதான் முன்பு எண்ணியிருந்தனர். வாவிலோவ் அனுப்பிய புக்காசோவும் யூசெப்சுக்கும் 1920-களில் தென் அமெரிக்கா சென்று பல இனங்களைக் கண்டறிந்தனர். 1932-இல் வாவிலோவும் அங்கு பயணமானார். உலகெங்கும் விளையும் கிழங்கில் குரோமோசோம்கள் 48. ஆண்டிஸ் மலை உழவர்களின் நாட்டு இரகங்களிலோ 24, 36, 48, 60 என்று பலவகை உண்டு.

வறட்சியைத் தாங்குவது ஒற்றை மரபணுவின் வேலை அன்று என்பதை இன்று அறிவோம். வேர் ஆழமாக இறங்குவது, இலைத்துளைகள் காலத்தில் மூடிக்கொள்வது, ஈரம் வற்றுமுன் கிழங்கு திரள்வது எனக் குணங்கள் பல. ஒவ்வொன்றின் பின்னும் மரபணுக்கள் பல. அவை ஒரே இரகத்தில் கூடியிராமல், பல நாட்டு இரகங்களில் சிதறிக் கிடக்கின்றன. மேலும், உருளைக்கிழங்கின் விதை தாயைப் போலவே முளைப்பதில்லை. கிழங்கை நட்டால்தான் அதே இரகம் கிடைக்கும். கிழங்கு அழிந்தால் இரகமும் அழிந்தது.

ஆனால், மரபணு என்பதே பொய் என்றும், விரைவில் விளைச்சலைப் பெருக்கிக் காட்டுவதாகவும் கூறிய லைசென்கோவின் பக்கம் ஆட்சி சாய்ந்தது. வாவிலோவ் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1940 ஆகஸ்டில் விதை சேகரிக்கச் சென்ற இடத்திலேயே கைது செய்யப்பட்டார். 1941-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது; பின்னர் அது 20 ஆண்டுச் சிறையாக்கப்பட்டது. தாம் பேராசிரியராக இருந்த அதே சராத்தோவின் சிறையில், பசியால் நலிந்து, 1943 ஜனவரி 26-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது வயது 55.

அவர் சிறையில் வாடிய நாட்களில் லெனின்கிராடு ஜெர்மானியப் படையின் முற்றுகையில் இருந்தது. அவருடைய தோழர்கள் காமெராசும் வோஸ்கிரெசென்ஸ்கயாவும் குண்டுமழைக்கிடையே உருளைக்கிழங்கு இரகங்களைத் தோண்டி எடுத்து, நகரின் நிலவறையில் உறைபனி தாக்காமல் காத்தனர். நெல் மாதிரிகளைக் காத்த இவானோவ் உட்பட நிலையத்தார் பலர் பசியால் மடிந்தனர். விதையை உண்ணவில்லை.

1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் கோவில்பட்டியிலும் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசலுக்கு உரிய கருங்கண்ணிப் பருத்தியில் அங்கு நல்ல இரகங்களைத் தேர்ந்தெடுத்தனர். எங்கள் வீட்டுக் குலுக்கையிலோ இப்போது பழந்துணிகள் கிடக்கின்றன. ஆச்சி காத்த கம்பின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அது எத்தனை வறட்சியைத் தாங்கிய கம்போ! இனி எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை மீட்டுத் தர இயலாது.

ஆகவே நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெரியவர்களிடம் நாட்டு விதைகளைப் பற்றிக் கேளுங்கள். ஒரு கைப்பிடி கிடைத்தாலும் அதன் பெயரோடு வாங்கி வாருங்கள். வாவிலோவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்